தன் அணுகுகோட்டை வெட்டிய வளைகோடு

வத்தேகமவிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திச் சொன்னார். "அங்க வந்திருந்த ஒங்க கணக்கு வாத்தியார் முருகேசு நேத்து காய்ச்சல்ல போயிட்டாருங்க." மேல் வகுப்பு இனி எனக்கு என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. துக்கம் பிறகு.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய பொறுமையைப் பேசுகிறீர்கள். எனக்குப் பேச இருப்பது பொறாமை. ஒரே வயது. ஒரே பல்கலைக்கழகப் பரீட்சை. அவர் யாழ்ப்பாணம், நான் கண்டி. நானும் இதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்தான்; மேல் வகுப்புக் கணக்கு இருவரில் ஒருவருக்கே.

யாருக்கு என்று பார்க்க, தலைமையாசிரியர் எங்களை ஒரே வகுப்பில் பாடம் நடத்தச் சொன்னார். முதலில் நான். அணுகுகோட்டை வளைகோடு நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது என்றேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள்.

முருகேசு எழுந்து y = x/(x²+1) என்று பலகையில் எழுதி, முன்வரிசைப் பையன் ஒருவனைக் கேட்டார்.

"x அச்சை எங்கை வெட்டும்?"

"x பூச்சியமா இருக்கிற எடத்துல."

"x பெரிசாகிக்கொண்டே போனால்?"

"y பூச்சியத்துக்கிட்ட வரும்."

"அப்ப அணுகுகோடு எது?"

பையன் தயங்கினான். "அதே x அச்சுத்தாங்க."

தொடவே தொடாது என்று நான் சொன்ன வளைகோடு தன் அணுகுகோட்டை நடுவிலேயே வெட்டிவிட்டுப் போயிருந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. வகுப்பு முருகேசுவுக்குப் போயிற்று.

அன்று மாலை குளக்கரையில் முருகேசு என்னைப் பிடித்தார்.

"கோபமோ?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதையும். நானெண்டால் கோவிச்சிருப்பன்."

"வேற கணக்கே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"இருந்தது. இது வடிவாயிருந்தது."

உண்மை. அழகாகத்தான் இருந்தது. அதனால் அவரை ஒழுங்காக வெறுக்கக்கூட முடியவில்லை.

நான் புள்ளிகளைக் குறித்து அவசரமாகக் கோட்டை இழுப்பவன். அவர் வளைகோட்டைக் கடைசிக்கு வைப்பார். "முதல்ல தூரத்திலை என்ன நடக்குதெண்டு பாரும். பிறகு கிட்ட வாரும்" என்பார். முதலில் அணுகுகோடு, புள்ளிக்கோடாக. அடுத்து அச்சுகளை வெட்டும் இடங்கள். அதன் பிறகே வளைகோடு. எத்தனையோ இரவு அதில் பிழை தேடினேன். இல்லை.

மேல் வகுப்பு இப்போது என்னுடையது. அவர் இருந்திருந்தால் கிடைத்திராது. கிடைத்திருக்க வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் எழுத வரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வரிசை. "இது முருகேசு வாத்தியாருடைய முறை" என்று சொல்லித்தான் பலகையில் கை வைக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எரிகிறது. சொல்லாமல் கை வைக்க முடிவதில்லை.