காரிலிருந்து வந்த ஆவி

காலமான பிரெஞ்சுக்காரர் ஒருவரின் காரை வாங்கிப் புதுச்சேரியில் வாடகைக்கு ஓட்டிவந்தேன். தினமும் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஹோஸை மாற்றினேன், ரேடியேட்டருக்கு ஈயம் வைத்து அடைத்தேன். பலனில்லை. ஒருநாள் மூலக்குளத்தில் கார் சூடாகி நின்றுபோக, பயணிகளை இறக்கிவிட்டு, வாளியோடு தண்ணீருக்கு அலைந்த எரிச்சலில் வீடு திரும்பினேன்.

மனைவி சொன்னாள்: "உங்க காருல ஆவி வருதுங்க."

"செத்த பிரெஞ்சுக்கார முசேவோட ஆவியா? இனிமே அந்தப் பேச்ச எடுக்காத" என்று கத்தினேன். அவளும் எடுக்கவில்லை.

மறுவாரம் ஒரு மதியம், காரை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காருக்குப் பின்னால் கொடியில் கிடந்த என் வேட்டியை அவள் கொண்டுவந்து நீட்டினாள். ஈரமாக இருந்தது.

"காலையிலயே காய்ஞ்ச வேட்டி. சைலன்சர்லேர்ந்து இட்லிப் பானை மாதிரி ஆவி வருது. அன்னிக்கும் இதத்தான் சொன்னேன்."

எஞ்சினைத் திறந்து பார்த்தால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் கேஸ்கட் போயிருந்தது. தண்ணீர் எஞ்சினுக்குள் கசிந்து, ஆவியாக வெளியேறியிருக்கிறது.

ஆவி என்றதும் பேயை நினைத்தவன் நான் ஒருவன்தான்.