இருவர் தொடங்கிய கம்பெனி

மரக்காணத்தில் என் கம்பெனிக் கொட்டகையை ஒட்டிய உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறியதும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நானும் பம்ப் மோட்டாரும்தான். நான் அதைத் திட்டுவேன், அது பதில் பேசாது. திட்டுவதற்கு வேறு யாரும் இல்லை.

உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வீண் என்று வெளியேற்றிவிடுவார்கள். அதிலிருந்து சுத்தமான மெக்னீசிய உப்பு எடுக்கும் முறையை நானும் என் தோழியும் சென்னையில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டுபிடித்தோம். ஒரே பேராசிரியர், ஒரே விடுதி அறை, பாதி நாள் ஒரே தட்டில் சாப்பாடு. அவள் கோட்டக்குப்பத்துக்காரி. காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கி நாங்கள் கம்பெனி தொடங்கினோம். பங்கு ஆளுக்குப் பாதி. ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று கேள்வி வந்தால், இருவர் பங்கும் சமம் என்று அடிக்குறிப்பு போட்டுவிடுவோம். கம்பெனியையும் அப்படியே நடத்திவிடலாம் என்று நினைத்தோம். படித்த முட்டாள்கள் என்று எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

பணம் கேட்டுப் போன முதலீட்டு நிறுவனத்துக்காரர்களுக்கு அந்தப் பாதிக்குப் பாதி பிடிக்கவில்லை. ஒரு உறையில் இரண்டு கத்தியா என்று பார்த்தார்கள். எங்களைத் தனித்தனியாகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, மற்றவள் நாளைக்கே விலகினால் கம்பெனி ஓடுமா என்று கேட்டார்கள். ஓடாது என்று நான் சொன்னேன். நீ என்னடி சொன்னாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன். நீ சொன்னதைத்தான் என்று சிரித்தாள்.

ஒப்பந்தம் வந்தபோது முழுநேரப் பொறுப்பு எனக்கு மட்டும். அவளுக்கு ஆலோசகர் என்று ஒரு பட்டமும் பெயருக்குக் கொஞ்சம் பங்கும். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் குதித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எப்படியும் ஊரோடு இருக்கத்தான் நினைத்திருந்தேன் என்று அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். நம்பினேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தாள். பிறகு எப்போதாவது. பிறகு போன் மட்டும். முதலீட்டுக்காரர்கள் மட்டும் தவறாமல் கணினித் திரையில் வந்து எப்படி இருக்கீங்க என்பார்கள். அவர்கள் விசாரித்தது கம்பெனியை. என்னை விசாரித்திருந்தால் அழுதிருப்பேன், நல்லவேளை.

இந்தக் கோடையில் அவர்களில் மூத்தவர் உப்பளத்தைப் பார்க்க வந்தார். எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்து, மனம் நிறைந்து பாராட்டினார்.

"உங்க ஃபிரெண்டு அன்னிக்கே சொன்னாங்க. நான் இல்லன்னாலும் அவ தனியாவே பாத்துக்குவா, அவளை நம்பிப் பணம் போடுங்கன்னு."

அவர் காரில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன். என்னைத் தூக்கிவிடத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். கூட இருப்பவரை உயர்த்திப் பேசுவது எங்களுக்கு மரியாதை. அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அவளைக் கழற்றிவிட்டார்கள். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. போய் மோட்டாரைத் திட்டினேன்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். துபாயில் இருக்கும் அவள் அண்ணன் அங்கே ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். மறுநாளே பதில் சொல்ல வேண்டுமாம். இப்போது எனக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் உண்டு, அது அவளுக்கும் தெரியும். அம்மா, விசா என்று என்னென்னவோ பேசிவிட்டுச் சட்டென்று கேட்டாள்.

"உனக்கு அங்க ஆள் வேணும்னா சொல்லுடி. நான் போகல."

வேணும் என்று சொன்னால் வாயா வெந்துவிடும்? அவளுடைய நல்ல வாழ்வைக் கெடுக்கிறோமோ என்று ஒரு பக்கம். நானாகக் கெஞ்ச வேண்டுமா என்று இன்னொரு பக்கம்.

"வேணாண்டி. நான் பாத்துக்கறேன். நீ போ."

எங்கள் வீடுகளில் போதும் என்று இலையை மறைத்தால் யாரும் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் என்பார்கள், மறுப்போம், மறுபடி கேட்பார்கள், வாங்கிக்கொள்வோம். நாங்கள் இருவருமே அப்படி வளர்ந்தவர்கள்தான். அவள் இன்னொரு முறை கேட்பாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"சரிடி. உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.