பின்வரிசை மூன்று பிளக்குகள்

எடைமேடை என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட என் அக்காவின் கணவர் 1946இல் பிறந்தார், 2021இல் காலமானார். சிமெண்ட் ஆலை ஒன்றின் வாயிலில் லாரிகளை எடைபோடுவது அவருடைய உத்தியோகம். வெற்று லாரியை நிறுக்கும்போது ஓட்டுநர் உள்ளே இருந்தால், சரக்கேற்றித் திரும்பும்போதும் அதே ஓட்டுநர் உள்ளே இருந்தாக வேண்டும். இறங்கித் தேநீருக்குப் போனவரைக் கூப்பிட்டு ஏற்றி உட்கார வைத்து நிறுப்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

ஓய்வுபெற்ற ஆண்டில் பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கினார். ஆறு சிலிண்டர் வண்டி. பின்னிருக்கைகளை மடக்கினால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். வாங்கும்போது அந்த வசதியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அக்காவின் முதுகெலும்பில் நோய் புகுந்து உட்கார முடியாமற் போனபோது, அதுவே அவள் ஏறக்கூடிய ஒரே வண்டி ஆயிற்று. ஆம்புலன்ஸில் ஒருமுறை போய்வந்தவள், "அந்தப் பலகையிலே இன்னொரு தரம் என்னைக் கட்டினா, ஆஸ்பத்திரியே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்புறம் மெத்தை விரித்து, அத்தான் ஓட்ட, நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போவோம்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வண்டி நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. சிக்னலில் நின்றால் தரையிலிருந்து மெத்தை வரை அதிரும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொள்வாள்.

"எனக்கும் சேத்து இதுவே நடுங்குது. நல்ல வண்டி" என்றாள் ஒருநாள். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னல் பச்சையாகும்வரை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "ஸ்பார்க் பிளக் சார். எப்ப மாத்தினது?"

"மாத்தியாச்சே. நானே மாத்தினேன்."

"ஆறுமா?"

அத்தான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த ஆறில், முன்வரிசை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. பின்வரிசை மூன்றும், இயந்திரத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும் அலுமினியக் குழாய்த் தொகுதிக்கு அடியில் மறைந்திருப்பவை; அதைக் கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. பல ஆண்டுகளுக்குமுன் முன்வரிசையை மாற்றிய அன்று, மற்றவற்றை மறுநாள் பார்ப்பதாக இருந்தார். மறுநாள் மழை. பிறகு வண்டி நன்றாகவே ஓடியது.

"வண்டியை விட்டுட்டுப் போங்க சார். கையிலே வேலை நிறைய கெடக்கு, பத்து நாளாவது ஆகும்" என்றார் மெக்கானிக். இடையில் ஒரு வியாழன் வரும். ஆகவே வீட்டிலேயே செய்வதென்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, இயந்திரம் குளிர்ந்திருந்தபோதே அத்தான் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். வண்டி நின்ற இடம் அக்காவின் கட்டிலை ஒட்டிய சன்னலுக்கு நேர் வெளியே. ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய ஒட்டுநாடாவைச் சுற்றினார். குழாய்த் தொகுதியைத் தூக்கி வைத்ததும், திறந்து கிடந்த துவாரங்களில் ஒரு திருகாணிகூட விழாதபடி துணியால் அடைத்தார். பிளக்குகளைச் சுற்றிப் படிந்திருந்த தூசியை ஊதி அகற்றினார்.

"ஆறு பிளக்கிலே மூணைத்தான் மாத்தினாராமே? அரைக் கிணறு தாண்டிட்டு, இத்தனை வருஷமா கரையேறிட்டதா நெனைச்சிட்டிருந்தாரா உங்க அத்தான்?" என்றாள் அக்கா, சன்னல் வழியாக என்னிடம்.

"நீயே கேளுக்கா. என்னை ஏன் நடுவிலே இழுக்கிறே?"

"கேட்டா எடை போட்டுத்தான் பதில் வரும்."

அத்தான் சிரிக்கவில்லை. முதல் பிளக் வந்தது. அதன் முனை தேய்ந்து, இடைவெளி அகன்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அசையவில்லை. வலிந்து திருகி அது உள்ளே முறிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்; வியாழனன்று அக்கா போக முடியாது. துருநீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"என்னங்க, உள்ளே இறங்கித் தூங்கிட்டீங்களா?"

"ஊறுது" என்றார் அத்தான்.

பிற்பகலில் மறுபடியும் பிடித்தார். சிறிது தளர்த்தினார், மீண்டும் இறுக்கினார், மீண்டும் தளர்த்தினார். கிறீச்சென்று ஒரு சத்தம். நான் முறிந்தே விட்டது என்று நினைத்தேன். முழுதாக வெளியே வந்தது. அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு மற்ற இரண்டோடு வைத்தார். புதியவற்றை முதலில் விரலாலேயே திருகி, மரை சரியாகப் பிடித்தபின் ஸ்பானரால் இறுக்கினார். அவர் முகத்தில் மகிழ்ச்சியோ களைப்போ எதையும் நான் காணவில்லை.

வியாழனன்று முதல் சிக்னலில் நின்றபோது ஓசையே இல்லை. "அணைஞ்சு போச்சா?" என்றாள் அக்கா. "ஓடுது" என்றார் அத்தான். அவள் கைப்பிடியைப் பற்றவில்லை. வழியில் சிறிது தூங்கவும் செய்தாள்.

மருத்துவர் எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "இனிமே அம்மாவை அலைய வைக்காதீங்க. மருந்து தரேன், வீட்டிலேயே வச்சுப் பாத்துக்குங்க."

"இப்ப வண்டி நடுங்கலை டாக்டர்" என்றார் அத்தான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆறையும் மாத்தியாச்சு" என்று மேலும் சொன்னார் அத்தான். "அடுத்த வாரமும் கூட்டிட்டு வரலாம். அவளுக்கு வலியே தெரியாது."

"வண்டிக்காகச் சொல்லலைங்க" என்றார் மருத்துவர்.

திரும்பும் வழியில் அக்கா எதுவும் கேட்கவில்லை. வீட்டை நெருங்கும்போது மட்டும், "நல்லா ஓட்டுறீங்க" என்றாள். அந்த மாதம் முடியுமுன் தன் கட்டிலிலேயே இறந்தாள்.

அத்தான் அதன்பின் எங்கே போவதானாலும் பேருந்தில் போனார். வண்டியைக் கேட்டு வந்தவர்களிடம், நன்றாக ஓடும் வண்டி என்று சொல்லி அனுப்பிவிடுவார்; விற்கவுமில்லை, எடுக்கவுமில்லை. அவர் கடைசியாக வண்டி ஓட்டியது அந்த வியாழக்கிழமை, 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள்.