சித்தப்பா காட்டிய பாலைவனம்

நான் பாலைவனம் பார்த்தவள் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிங்கப்பூரைத் தாண்டி எங்கும் போகாதவளுக்கு ஏது பாலைவனம் என்று கேட்கிறார்கள். மலாயாவில், இந்த ஜொகூரிலேயே, அதுவும் மழைக்குப் பேர்போன கிழக்குப் பக்கத்தில், என் ஒன்பதாவது வயதில் பார்த்தேன். காட்டியவர் சித்தப்பா. பாலைவனத்தைப் பற்றிப் பேசும் உரிமை எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

முதல் பெரிய யுத்தத்தின்போது அரபுப் பாலைவனத்தில் பாஸ்ரா பக்கம் வண்டி ஓட்ட இங்கிருந்தும் டிரைவர்களை எடுத்தார்கள். அத்தையின் கணவரும், அத்தையின் தம்பியான சித்தப்பாவும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறினார்கள். இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார். மாமா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை பத்து பாகாட் ஊரில் எங்களோடுதான் இருந்தாள்.

ஒவ்வொரு வருடமும் மாமாவுக்குப் படையல் போடும் நாளில், "சொல்லுடா தம்பி" என்பாள் அத்தை. சித்தப்பா சொல்லுவார். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் விடியலில் மூச்சு நின்றது. ஒரு மணல் மேட்டில் ஒற்றைப் பேரீச்ச மரத்தடியில் புதைத்தார்கள். முதல் பிடி மண் சித்தப்பா கையால் விழுந்தது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. எனக்கு அது மனப்பாடமாகி, அவரோடு சேர்ந்து நானும் உதட்டை அசைப்பேன். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துச் சுருட்டுப் பிடிக்க வெளியே போய்விடுவார்.

அத்தைக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. மாமாவுக்கு அவள் பால் ஊற்றவில்லை. புதைத்த மறுநாள் அந்த இடத்தில் உரியவர்கள் பால் ஊற்றினால்தான் போன உயிர் குளிரும் என்பது எங்களவர்கள் வழக்கம். கடல் தாண்டிப் போய் யார் ஊற்றுவது? "அந்த மணலு எப்படியிருக்கும்னுகூட எனக்குத் தெரியாதே" என்று நினைத்த நேரமெல்லாம் சொல்லுவாள். கேட்டுக் கேட்டுத் தாளாமல் ஒருநாள் சித்தப்பா, "அதே மாதிரி மணல் இங்கயே இருக்குக்கா. மெர்சிங் போற ரோட்டுல, ஜெமாலுவாங்ல. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அத்தை அன்றைக்கே ஒரு செம்பைத் துலக்கி எடுத்து வைத்தாள்.

போவதற்கு வண்டிக்குக் குறைவில்லை. சித்தப்பா வேலை பார்த்த சர்வே துரை, காடுகளில் தங்குவதற்காக ஒரு லாரியின் முதுகில் பலகை வீடு கட்டி வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பும்போது அதை அப்படியே சித்தப்பாவிடம் விட்டுப் போனார். உள்ளே இரண்டு அடுக்குப் படுக்கை, மடக்கு மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு, பூப்போட்ட திரைபோட்ட ஜன்னல். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. அந்த வண்டியில் போகிறோம் என்று தெரிந்ததும் தெருவில் இருந்த பிள்ளைகளை எல்லாம் நான் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. கைக்குழந்தையோடு அம்மா வர முடியாது. அத்தைக்குத் துணை என்று என்னை அனுப்பினார்கள். துணை என்றால், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மாமா அனுப்பிய மூன்று கடிதங்களையும் அவள் கேட்கும்போதெல்லாம் படித்துக் காட்ட ஆள் வேண்டும்.

அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் வருவது நெத்திலிக் கருவாட்டு மணம்தான். ஆயர் ஈத்தாம் தாண்டி ரப்பர் மர நிழலில் வண்டியை நிறுத்தி, அத்தை பின்கதவைத் திறந்து வைத்துச் சமைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மேல் படுக்கையில் குப்புறப்படுத்து ஜன்னல் வழியே செம்மண் சாலை பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். குளுவாங்கில் தங்கினோம். இரவு பெய்த மழையில் கூரை என் காலடியில் மட்டும் ஒழுகியது. அதைக்கூட நான் ஒரு சௌகரியமாகத்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் அத்தை ஒரு பால்காரரைத் தேடிப்பிடித்துச் செம்பு நிறையப் பசும்பால் வாங்கி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மீதி வழி முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஜெமாலுவாங்கில் ஈயச் சுரங்கங்கள், எங்கள் பேச்சில் லம்பங்கள், இருந்தன. அங்கே மண்ணைத் தண்ணீரால் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மீந்த மணலை மலைமலையாகக் கொட்டிவிடுவார்கள். காடு சட்டென்று முடிந்து அந்த வெளி தொடங்கியது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல். ஒரு புல் இல்லை. நடுநடுவே பச்சை நிறத்தில் குட்டைகள். தூரத்தில் வெயில் நெளிந்தது. "அதான் கானல்" என்றார் சித்தப்பா. குட்டையைக் காட்டி, "அங்கயும் இப்படித்தான், எடையில எடையில தண்ணி இருக்கும்" என்றார். ஒட்டகம் எங்கே என்று கேட்டேன். மலாய்க்காரர் ஒருவர் ஓட்டிப் போன எருமையைக் காட்டி, "அங்க அது, இங்க இது" என்றார். அத்தை குனிந்து ஒரு கை மணலை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தாள். "சுடுதுடா" என்றாள். அவ்வளவுதான்.

சற்றுத் தள்ளி ஒரு மேடு இருந்தது. அதில் எப்படியோ பிழைத்து நின்ற ஒற்றைத் தென்னை. "அந்த எடம் அச்சு அசலா இதாங்கா" என்றார் சித்தப்பா. நடந்து போகலாம் என்று அத்தை சொன்னதை அவர் கேட்கவில்லை. இரண்டு வருடம் பாலைவனத்தில் ஓட்டியவர் அல்லவா? வண்டியை மணலில் இறக்கினார். நாற்பது அடி போவதற்குள் பின்சக்கரம் சுழன்று உட்கார்ந்துவிட்டது. அவர் முடுக்க முடுக்க அது இன்னும் உள்ளே போனது. பலகையைக் கொடுத்துப் பார்த்தார், தழையை வெட்டிப் போட்டுப் பார்த்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அத்தை பால்செம்பை முந்தானையால் மூடி வெயிலுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் புத்திசாலித்தனம் விழித்துக்கொண்டது. "சித்தப்பா, காத்த எறக்கணும்" என்றேன்.

"என்ன காத்து?"

"மாமா ரெண்டாவது கடிதாசில எழுதியிருக்காரே." கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். 'மணலில் வண்டி புதைந்தால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் போதும், ஒட்டகம் மாதிரி ஏறி வந்துவிடும். இங்கே வருகிற டிரைவர் எல்லாருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்.'

சபாஷ் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் சக்கரத்தருகே குந்தி, ஓர் ஆணியால் வால்வை அழுத்தினார். காற்று இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நாலு டயரும் தொளதொளத்ததும் வண்டி முனகிக்கொண்டு ஏறி வந்துவிட்டது. நான் மட்டும் கை தட்டினேன்.

சித்தப்பா கீழே இறங்கி நின்றார். "அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பாலு திரிஞ்சிடும்டா" என்றாள் அத்தை. "எடத்தக் காட்டு."

"இல்லக்கா, அங்க..."

"எடத்தக் காட்டுடா."

அவர் நடந்துபோய்த் தென்னைக்கு அடியில் ஓரிடத்தைக் காட்டினார். அத்தை உட்கார்ந்து துணியை அவிழ்த்து, செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மணல் அத்தனையையும் குடித்துவிட்டது. அவள் அழுதாள். நான் பார்க்க அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

சித்தப்பா பம்பாயைத் தாண்டவே இல்லை என்பதை அவர் காலமான பிறகுதான் அப்பா எனக்குச் சொன்னார். கண்நோய் என்று பம்பாயிலேயே நிறுத்தி வைத்து, இரண்டு வருடமும் பட்டறையில் வேலை வாங்கியிருக்கிறார்கள். மாமா இறந்த செய்தி அவருக்கே பிறர் சொல்லித்தான் தெரியும். அக்காவின் முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்க மனமில்லாமல், ஒரு மேட்டையும் ஒரு மரத்தையும் ஒரு பிடி மண்ணையும் தாமாகவே உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. திரும்பும் வழியெல்லாம், வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி வாசலில் நின்றதும் அம்மா குழந்தையோடு வந்தாள். பின்னால் அப்பா. "மணல்ல வண்டி கிண்டி மாட்டலயே?" என்று அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"மாட்டுச்சு. தம்பிதான் டயர்ல காத்த எறக்கி வெளிய எடுத்தான். ரெண்டு வருஷம் அங்க ஓட்டுனவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குப் பின்பக்கம் போய், ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை மறுபடியும் சாத்தினார்.

"நான்தான் சொன்னேன்! கடிதாசில இருக்குன்னு நான்தானே சொன்னேன்" என்று கத்தினேன்.

"இல்லம்மா. சித்தப்பாவுக்கே தெரியும்" என்றாள் அத்தை, என் கண்ணைப் பார்த்தே.

நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். தலையைத் தடவ வந்த அவள் கையைத் தட்டிவிட்டேன். மூன்று நாள் அவளோடு பேசவே இல்லை. எனக்குச் சேரவேண்டிய பெயரைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளே, கூடப்பிறந்தவன் என்றால் பெரியவர்கள் பொய்கூடச் சொல்வார்கள் போலும் என்று மட்டும்தான் அன்று எனக்கு விளங்கியது.