காதில் பஞ்சு வைத்துப் பேய்ப்படம் பார்த்தவர்

"பேயெல்லாம் எனக்குச் சும்மா" என்று மனைவியிடம் அளந்துவிட்டுத்தான் திருப்பூர் தியேட்டரில் அவளோடு அந்தப் படத்துக்கு உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடமே கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஓரக்கண்ணைத் திறந்தால், பக்கத்து இருக்கையில் ஒல்லியான ஒருவர். புருவத்தில் நூல்தூசி, இரண்டு காதிலும் பஞ்சு.

"பனியன் கம்பெனில நிட்டிங் மிஷின் ஓட்டறேனுங்க. அந்த இரைச்சலுக்கு வெக்கறது, இங்கயும் ஆகுமுங்க" என்றார். "கண்ணை மூடினா பயம் சாஸ்தியாகும். பயமெல்லாம் மியூசிக்லதானுங்க இருக்குது. காதை மூடிப் பாருங்க."

தன் காதிலிருந்ததையே எடுத்து நீட்டினார். அந்த அவசரத்தில் சுத்தம் பார்க்கத் தோன்றவில்லை.

அடைத்துக்கொண்டு பார்த்தேன். அட, வெள்ளை நைட்டி போட்ட ஒரு பெண் மாடிப்படி இறங்குகிறாள், அவ்வளவுதான்! நைட்டியின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. கால்மேல் கால் போட்டேன். மனைவி மரியாதையாகப் பார்த்தாள்.

அப்போது பக்கத்து இருக்கைக்காரர் என் கையைச் சட்டென்று பிடித்தார். தியேட்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறிவிட்டேன். பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, "என்னங்க?" என்றேன்.

"மியூசிக்கை நிறுத்திப்போட்டாருங்க டைரக்டரு. எங்களுக்கு மிஷின் சத்தம் நின்னா நூல் அறுந்துபோச்சுன்னு அர்த்தமுங்க. நூலைப் பிடிக்கக் கை தன்னால வந்துருச்சு."

மனைவி இன்னும் சிரிக்கிறாள். எனக்குத்தான் விளங்கவில்லை. இயக்குநர் அந்த இடத்தில் வைத்தது வெறும் மௌனம். அதைக் கேட்டவர் அவர். காதை அடைத்திருந்த நான் ஏன் கத்தினேன்?