பேர் வேணாம் சார்

வாத்தியார்களுக்குத் தலைவலி வந்தால் துறைத் தலைவரிடம் போவார்கள். துறைத் தலைவருக்கே தலைவலி வந்தால்? அதற்குத்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருந்தோம். நிர்வாகக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், இரண்டு மேஜை, ஒரு போன். வெளியே 'துறைத் தலைவர்கள் உதவிப் பிரிவு' என்று ஒரு பலகை. ஒரு மேஜை அக்காவுக்கு, இன்னொன்று எனக்கு. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி தொட்டுக்கொண்டால் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அக்கா டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவள். மெமோ, விளக்கக் கடிதம், மன்னிப்புக் கடிதம் என்று ஊர் வாத்தியார்களின் சண்டையையெல்லாம் இருபது வருஷம் தட்டச்சு செய்தே பாடம் படித்துவிட்டாள். அந்தப் பாடத்தைத் துறைத் தலைவர்களுக்கான கையேடாக அறுபது பக்கத்துக்கு எழுதினாள். கோபமாக வருகிற ஆளைக் கதவுப் பக்கம் உட்கார வைக்க வேண்டும், 'எல்லாரும் சொல்றாங்க' என்று மட்டும் சொல்லவே கூடாது, இப்படி. அட்டையில் யார் பேர் வந்தது? ஒரு வரி எழுதாத பெரிய அதிகாரி பேர். எனக்கு வயிறு எரிந்தது. "விடுடி, படிக்கிறவங்களுக்கு உபயோகப்பட்டா சரி" என்று அவள் சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு மனசு. எனக்குக் கிடையாது.

கையேட்டில் இல்லாத ஒரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். யாராவது ஒரு வாத்தியாரின் பேரைச் சொல்லிவிட்டால் நாங்கள் ஃபைல் திறந்தே ஆக வேண்டும் என்று விதி. ஃபைல் பதிவாளரிடம் போகும், அந்த ஆளின் பதவி உயர்வு அங்கேயே நிற்கும். அதனால் முதல் வருஷம் தலைவர்கள் போனைத் தொடவே பயந்தார்கள். மொத்தமே ஒன்பது அழைப்பு. அப்புறம்தான் அக்கா ஆரம்பித்தாள். பேர் அவர்கள் வாய் வரைக்கும் வந்ததுமே மறித்துவிடுவாள். "பேர் வேணாம் சார். ஒருத்தர் இருக்கார்னு சொல்லுங்க, போதும்."

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. ஒருத்தர் லேட்டாக வருகிறார், ஒருத்தர் விடைத்தாளைத் தூக்கி எறிந்தார், ஒருத்தர் பக்கத்து அறைக்காரரோடு பேசுவதில்லை. அக்கா கையேட்டில் பக்க எண்ணைச் சொல்லி, வருகை, வாய்ச்சண்டை, உடம்பு, மற்றவை என்று நாலு கோப்பில் குறிப்பெழுதிப் போட்டுவிடுவாள். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எனக்கும்தான், பொய் எதற்கு?

பருவத் தேர்வுக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஒரு துறைத் தலைவர் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஒருத்தர் இருக்கார் மேடம். மூணு வாரமா கிளாஸுக்கு ஒழுங்கா வரல. முன்னெல்லாம் மீட்டிங்ல எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிப்பார். இப்ப என்ன சொன்னாலும் 'சரி'ன்னுட்டு எழுந்து போயிடறார்."

"பக்கம் பதினாலு சார். தனியா கூப்பிட்டுப் பேசுங்க. தேதி குறிச்சு வைங்க. ரெண்டு வாரம் பாருங்க." வருகைக் கோப்பு. முடிந்தது.

வியாழக்கிழமை நூலகத் தலைவர். அவரும் எங்கள் கணக்கில் ஒரு தலைவர்தான். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒருத்தர் இருக்கார்மா. பத்து வருஷமா கெஞ்சியும் திருப்பித் தராத புத்தகத்தையெல்லாம் நேத்து கொண்டுவந்து குடுத்துட்டார். முப்பத்தாறு. தூசி தட்டி, அட்டை போட்டு. 'இனிமே தேவைப்படாது'ன்னார். இதுக்கு எந்தப் பக்கம்?"

நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். "புத்தகம் திரும்பி வந்ததுக்கெல்லாம் புகார் குடுத்தா எப்படி சார்!"

"இல்லம்மா, மனசுக்கு என்னவோ சரியாப் படல. அவர் பேரு..."

"பேர் வேணாம் சார்." மற்றவைக் கோப்பு.

மறுநாள் காலை அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் மேஜை முன் வந்து நின்றாள்.

"அந்த ரெண்டு பேரும் ஒரே ஆளுடி."

"எந்த ரெண்டு பேரு?"

"கிளாஸுக்கு வராதவரும் புத்தகம் குடுத்தவரும். சண்டை போடற மனுஷன் சண்டையை விட்டுட்டார். கையில வெச்சிருந்ததையெல்லாம் குடுத்துட்டார். பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. அவர் உயிரை விடப் போறார்டி."

"சும்மா இருக்கா, காலங்காத்தால பயமுறுத்தாத" என்றேன். ஆனால் போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

துறைத் தலைவருக்குப் போன் போட்டாள். "சார், அன்னிக்கு சொன்னீங்களே, அவர் பேர் வேணும். இப்பவே."

"எவர் மேடம்? நான் பொதுவாத்தானே கேட்டேன். பேர் சொன்னா ஃபைல் ஆயிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க? அவருக்குப் பதவி உயர்வு வேற வர்ற நேரம். என்னை வம்புல மாட்டிவிடாதீங்க." வைத்துவிட்டார். படுபாவி! ஆனால் அவரைத் திட்டி என்ன? பேரை விழுங்கக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தானே.

நூலகத் தலைவர் கேட்டதும் சொல்லிவிட்டார். அறை எண்ணும் சொன்னார். அதே துறைதான். எதிர்க் கட்டிடம், இரண்டாவது மாடி, கடைசி அறை.

மூட்டு வலி என்று லிஃப்ட் இல்லாமல் ஒரு மாடி ஏறாத அக்கா அன்றைக்குப் படியில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். தேர்வுக்கு முந்தின படிப்பு விடுமுறை. நடைபாதையில் ஒரு மாணவன் இல்லை, எல்லா அறையும் பூட்டு. கடைசிக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. அதைத் தள்ள அக்காவுக்குக் கை வரவில்லை. நான்தான் தள்ளினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் அலமாரி மொத்தமும் காலி. மேஜையில் ஒட்டிய மூன்று கவர்கள் வரிசையாக இருந்தன. எங்களைப் பார்த்து அவர் திடுக்கிடக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சார், நாங்க உதவிப் பிரிவுலேருந்து வர்றோம்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"ஓ, அங்கேயா? போன மாசம் நானே ஒரு தடவை கூப்பிட்டேன்."

"எப்ப சார்?"

"ஒரு மத்தியானம். யார்கிட்டயாவது பேசணும் போல இருந்துச்சு. நீங்க துறைத் தலைவரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். 'இது தலைவர்களுக்கு மட்டும்தான், உங்க தலைவரைப் பேசச் சொல்லுங்க'ன்னு வெச்சுட்டாங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "அவங்க சொன்னதும் சரிதான். விதின்னு ஒண்ணு இருக்கே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் அரைமணி நேரம் கண்ணயர்வாள். அப்போது போனை எடுப்பது நான்.

எவ்வளவோ யோசித்தேன். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லி வைத்திருப்பேன்! அதில் இவர் எந்த நாள், எந்த அழைப்பு என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

அக்கா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், நான் எங்கேயும் போகல. இங்கேயேதான் இருக்கேன், நீங்க பேசுங்க" என்றாள். என்னிடம், "நீ போய் டாக்டரைக் கையோடு கூட்டிட்டு வா" என்றாள்.

சரிக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரலை அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம் வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.