பட்டியலில் இருந்த குதிரை

எங்கள் ராஜபாளையம் மில்லில் பாண்டிசெல்வி எட்டு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. சுந்தரபாண்டியத்திலிருந்து மில் பஸ்ஸில் வரும்போதே செல்போனில் செஸ் ஆடிப் பழகியவள். தோற்ற அன்று முறைத்துக்கொண்டே இறங்குவாள்; யாரும் சிரித்துவிடக் கூடாது.

போன மாதம் மில்லுக்குள் செஸ் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் தொழிலாளர் போட்டிக்குப் போகலாம். கடைசி ஆட்டம் அவளுக்கும் ஃபிட்டர் மாரிச்சாமிக்கும். முடிவதற்குள் ஷிப்ட் முடியும் மூன்று மணிச் சங்கு ஊதி, ஆட்டம் நின்றுவிட்டது. அப்படி நின்றுபோனால், ஆபீஸ் விமல் தானே எழுதிய புரோகிராமில் காய்களை வைத்து யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்ப்பான். சமம் என்றால் நிரந்தரத் தொழிலாளிதான் போவார். அதாவது மாரிச்சாமி.

அடுத்து ஆட வேண்டியது பாண்டிசெல்வி. விமல் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, உங்க மந்திரி அந்தச் சிப்பாயை வெட்டலாம். ஒண்ணு லாபம். உடனே அவரு குதிரை மந்திரியை வெட்டும். மூணு போச்சு. அந்தக் கட்டத்துக்கு எதெது பாயும்னு பட்டியல் போட்டு, வெட்டுக்கு வெட்டு கழிச்சுப் பாக்கும் இது. ரெண்டு நஷ்டம், வெட்டாதங்குது. ஆட்டம் சமம்."

"பொறவென்ன?" மாரிச்சாமி எழுந்தார். "ஏட்டி, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. போயி பஸ்ஸைப் பிடி."

"பஸ்ஸு போனா நடந்து போறேன் அண்ணாச்சி." அவள் விமல் பக்கம் திரும்பினாள். "தம்பி, என்னை மாத்திவிட ரிலீவர் வராத அன்னிக்கு நான் என்ன செய்வேன்?"

"மெஷின்லயே நிப்பீங்க."

"அட்டெண்டன்ஸ்ல பேரு இருக்கும். அதுக்காக, கேன்டீன்ல வடை போடுதாங்கன்னா ஓடிர முடியுமா? சூப்பர்வைசர் சார் மெமோ குடுத்துருவாரு." குதிரையின் தலையில் விரலை வைத்தாள். "இதுக்கும் ரிலீவர் இல்ல. முன்னால என் யானை, பின்னால இவிய ராஜா. குதிரை நகந்தா யானை நேரா ராஜாவைப் பிடிச்சிரும். பட்டியல்ல பேரு இருக்கு, வேலைக்கு வர ஏலாது."

விமல் குனிந்து பலகையைப் பார்த்தான். "அதை நான் புரோகிராம்ல எழுதலக்கா" என்றான், மெதுவாக.

மாரிச்சாமி குதிரையைத் தூக்கினார். யானையைப் பார்த்தார். எடுத்த கட்டத்திலேயே வைத்தார்.

போட்டியை நடத்திய சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன் மணி பார்த்தார். "கம்ப்யூட்டர் முடிவுதான் முடிவும்மா. கிளம்பு."

"யாரு கை ஓங்கியிருக்குன்னு பாக்கணும்னுதான சார் சொன்னீங்க? எனக்கு ஒரு சிப்பாய் சும்மா கிடைக்கு. என் பேரை எழுதுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன். எனக்கு ரிலீவர் வரல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஏறியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து வாசலில் நின்றார்கள். நானும் நின்றேன். நவநீதகிருஷ்ணன் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை.

மாரிச்சாமி தன் பேனாவை நீட்டினார். "எழுதுங்க சார். இவ எந்திரிக்க மாட்டா."

பஸ் அன்று இருபது நிமிடம் தாமதம். பாண்டிசெல்வி முறைத்துக்கொண்டேதான் ஏறினாள்.